கீழே கிடந்த பையை எடுத்துவிட்டீர்களா? உரியவரிடம் சேரும் வரை செய்ய வேண்டியவை

பேருந்து நிறுத்தத்தில் கேட்பாரற்றுக் கிடந்த ஒரு கைப்பையை உரியவரிடம் சேர்க்க நான் பட்ட அலைச்சலில் பாதி தேவையே இல்லாதது. எந்த வேலையை முதலில் செய்வது, எதை எழுதி வாங்குவது, யாரிடம் கொடுத்தால் நம் தலை தப்பும் என்று சொல்ல ஆள் இல்லை. "போலீஸ்ல குடுத்துடுங்க சார்" என்று சொல்ல மட்டும் பத்துப் பேர் இருந்தார்கள். அதை எப்படிக் கொடுப்பது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

கீழே உள்ளவை தமிழ்நாட்டில் வசிப்பவர்களை மனதில் வைத்து எழுதியவை. சட்டப் பிரிவுகள் மட்டும் இந்தியா முழுவதற்கும் பொது.

1. எடுப்பதற்கு முன் அரை நிமிடம் யோசியுங்கள்

வழியில் கிடக்கும் பொருளை எடுத்தே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. பார்த்தும் பார்க்காமல் போனால் அது குற்றமாகாது. ஆனால் கையில் எடுத்துவிட்டால் கதை மாறுகிறது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 71ஆவது பிரிவு, பிறர் பொருளைக் கண்டெடுத்துத் தன் வசம் வைத்துக்கொள்பவருக்கு, நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருளை வைத்திருப்பவருக்கு உள்ள அதே பொறுப்பு உண்டு என்கிறது. தேய்க்கக் கொடுத்த பட்டுப்புடவைக்கு சலவைக்கடைக்காரர் எப்படிப் பொறுப்போ, அப்படி. சொந்தப் பொருளாக இருந்தால் ஒரு சராசரி விவரமுள்ள ஆள் எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொள்வாரோ, அவ்வளவு கவனம் வேண்டும். வீட்டுக்கு எடுத்துப் போய் அஜாக்கிரதையாகத் தொலைத்தால் நீங்கள் பதில் சொல்ல வேண்டும்.

எனவே சில இடங்களில் கை வைக்காமல் இருப்பதே நல்லது.

ரயில் நிலையம், பேருந்து நிலையம், கோயில், கூட்டமுள்ள கடைத்தெரு ஆகிய இடங்களில் தனியாகக் கிடக்கும் பெரிய பை, சூட்கேஸ், டிபன் பாக்ஸ் எதையும் தொட வேண்டாம். தள்ளி நின்று அவசர உதவி எண்ணான 112க்கு அழையுங்கள், அல்லது பணியில் இருக்கும் காவலரிடம் சொல்லுங்கள். உள்ளே வேட்டி சட்டைதான் இருக்கும் என்று நமக்குத் தோன்றலாம். அதைத் திறந்து பார்க்கும் வேலை நம்முடையது கிடையாது.

வங்கியிலிருந்து வெளியே வரும்போது வண்டிப் பக்கத்தில் பத்து ரூபாய்த் தாள்கள் சிதறிக் கிடந்து, ஒருவர் வந்து "சார், உங்க பணம் கீழே விழுந்திருக்கு" என்று சொன்னால், குனியாதீர்கள். நீங்கள் குனியும் நேரத்தில் வண்டியில் மாட்டிய பை போய்விடும். கவனத்தைத் திருப்பித் திருடும் இந்த வித்தை பழையது, ஆனால் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இன்னொன்று: நகை கிடக்கிறது, நீங்கள் பார்க்கும்போதே பக்கத்தில் இன்னொருவரும் பார்க்கிறார். "ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கலாம், நீங்க நகையை வச்சுக்கிட்டு என் பங்குக்குப் பணம் குடுங்க" என்கிறார். அந்த நகை பித்தளை. அதைப் போட்டவரே அவர்தான்.

விபத்து நடந்த இடத்தில் அடிபட்டவரின் செல்போன், சங்கிலி, பர்ஸ் சிதறிக் கிடந்தால், அதை நம் பையில் போட்டுப் பத்திரப்படுத்த வேண்டாம். நான்கு பேர் பார்க்க 108 ஊழியரிடமோ காவலரிடமோ உடனே கொடுத்துவிடுங்கள். அடிபட்டவர் இறந்துவிட்டால், அவர் பொருளை அபகரித்ததாக வரும் புகார் தனிப் பிரிவில் போகும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 315ஆவது பிரிவு அதற்கு மூன்று ஆண்டு வரை சிறை சொல்கிறது.

2. எடுத்தால், அந்த இடத்திலேயே பதிவு செய்யுங்கள்

என்னைக் கேட்டால், மொத்த வேலையில் முக்கியமான பகுதி இதுதான். நல்ல எண்ணத்தோடு எடுத்தவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் ஒரே ஒரு கேள்வியில்: "பையில அம்பதாயிரம் இருந்துச்சு, இப்ப முப்பதுதானே இருக்கு?"

பொருளை நகர்த்தும் முன் கைப்பேசியில் ஒரு படம். பின்னணியில் கடைப் பெயர்ப்பலகையோ நிறுத்தத்தின் பெயரோ தெரிய வேண்டும். பிறகு பக்கத்தில் நிரந்தரமாக இருக்கும் ஒருவரை அழையுங்கள். டீக்கடைக்காரர், பூக்கடை அம்மா, ஆட்டோ ஸ்டாண்டில் இருப்பவர், வாட்ச்மேன். வழிப்போக்கர் சாட்சியாக வேண்டாம், பிறகு அவரைப் பிடிக்க முடியாது. அவர் முன்னிலையில் திறந்து, திறப்பதிலிருந்து மூடுவது வரை ஒரே வீடியோவாக எடுங்கள். பணம் இருந்தால் ஐந்நூறு எத்தனை, இருநூறு எத்தனை என்று தாள்வாரியாக வாய்விட்டு எண்ணுங்கள்.

அப்புறம் சிறிது நேரம் அங்கேயே நில்லுங்கள். தொலைத்தவர் பதறிக்கொண்டு திரும்பி ஓடி வருவது பெரும்பாலும் அந்த முதல் அரை மணி நேரத்தில்தான். கிளம்பும்போது கடைக்காரரிடம் உங்கள் கைப்பேசி எண்ணைக் கொடுத்து, "யாராவது தேடி வந்தா இந்த நம்பருக்குப் பேசச் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லுங்கள். உள்ளே என்ன இருந்தது என்று அவரும் வெளியே சொல்ல வேண்டாம் எனக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நகை இருந்தால் ஒரு எச்சரிக்கை. பட்டியல் எழுதும்போது "ஐந்து பவுன் தங்கச் சங்கிலி" என்று எழுதிவிடாதீர்கள். "தங்கம் போலத் தோன்றும் மஞ்சள் நிற உலோகச் சங்கிலி, ஒன்று" என்று எழுதுங்கள். காவல்துறையினரே அப்படித்தான் எழுதுவார்கள். அது கவரிங் என்று பிறகு தெரிந்தால், "தங்கத்தை மாற்றிவிட்டார்" என்ற பேச்சு உங்கள் மேல் வரும். சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள நகைக்கடையில் உரசிப் பார்க்கவும் போகாதீர்கள். கண்டெடுத்த நகையோடு ஒருவர் நகைக்கடை வாசலில் நிற்பது கேமராவில் எப்படித் தெரியும் என்று யோசித்துப் பாருங்கள்.

3. கிடைத்த இடத்துக்கு ஒரு பொறுப்பாளர் இருக்கிறாரா பாருங்கள்

எல்லாவற்றையும் காவல் நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை. தொலைத்தவர் முதலில் எங்கே போய்த் தேடுவாரோ, பொருள் அங்கே இருப்பதுதான் அவருக்கு உதவி.

பேருந்து: நடத்துனரிடம் கொடுங்கள். அவர் இறங்கும் இடத்தில் நேரக் காப்பாளர் அலுவலகத்திலோ டிப்போவிலோ ஒப்படைப்பார். உங்கள் பயணச்சீட்டைத் தூக்கி எறியாதீர்கள். பேருந்தின் பதிவு எண், தடம் எண், நேரம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மதிப்புள்ள பொருள் என்றால் நடத்துனரோடு நீங்களும் அலுவலகம் வரை போய், பதிவேட்டில் எழுதுவதைப் பார்த்துவிட்டு வருவது நல்லது.

ரயில்: ஓடும் ரயிலில் என்றால் டிக்கெட் பரிசோதகர் அல்லது ரயில்வே பாதுகாப்புப் படைக் காவலர். அடுத்த நிலையத்தில் என்றால் நிலைய அதிகாரி. 139க்கு அழைத்தும் சொல்லலாம். ரயில் எண், பெட்டி எண், இருக்கை எண் இருந்தால் முன்பதிவுப் பட்டியலை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. அதனால் இந்த மூன்றையும் எழுதாமல் பொருளை மட்டும் கொடுத்துவிட்டு இறங்காதீர்கள். தொலைந்த உடைமைகளைத் திருப்பித் தர ரயில்வே பாதுகாப்புப் படை 'ஆபரேஷன் அமானத்' என்ற பெயரில் தனியாகவே ஒரு பணி செய்கிறது.

மெட்ரோ, விமான நிலையம், வணிக வளாகம், திரையரங்கு: அந்தந்த இடத்தின் கட்டுப்பாட்டு அறை அல்லது பாதுகாப்பு மேலாளர். வாசலில் நிற்கும் செக்யூரிட்டியிடம் கையில் திணித்துவிட்டுப் போகாதீர்கள். பெயரும் பதவியும் கேட்டு எழுதுங்கள். அவர் பதிவேட்டில் எழுதிய பக்கத்தைப் படம் எடுக்க அனுமதி கேளுங்கள். தர மறுத்தால், நீங்களே ஒரு தாளில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். அதற்கும் மறுக்கும் இடத்தில் விலை உயர்ந்த பொருளைக் கொடுக்காமல் காவல் நிலையத்துக்குப் போய்விடுவதே மேல்.

ஏடிஎம்: முன்னால் போனவர் பணத்தை எடுக்காமல் போய்விட்டார் என்றால், முதலில் வெளியே எட்டிப் பாருங்கள். ஆள் இல்லையென்றால் அந்த வங்கிக் கிளையில், நேரத்தைக் குறிப்பிட்டு எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். இயந்திரத்தின் பதிவில் எந்தக் கணக்கு என்பது இருக்கும். உங்கள் முகமும் கேமராவில் இருக்கும். அதில் போய் "யார் பணமோ" என்று சொல்லிக்கொண்டு எடுத்துப் போக முடியாது.

4. உரியவரைத் தேட எவ்வளவு முயல வேண்டும்?

பாரதிய நியாய சன்ஹிதா 314ஆவது பிரிவு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 403. பிறர் அசையும் பொருளை நேர்மையற்ற முறையில் தனதாக்கிக்கொண்டால், 2024 ஜூலை 1 முதல், ஆறு மாதத்துக்குக் குறையாத, இரண்டு ஆண்டு வரை நீளக்கூடிய சிறையும் அபராதமும். உரியவருக்குத் திருப்பித் தரவும் பாதுகாக்கவும் எடுத்தவர் இதில் வரமாட்டார். ஆனால் உரியவர் யார் என்று தெரிந்தும், அல்லது தெரிந்துகொள்ள வழி இருந்தும், தனதாக்கிக்கொண்டால் குற்றம். நியாயமான முயற்சி எடுத்துத் தேடாமல், அவருக்குத் தெரிவிக்காமல், அவர் வந்து கேட்க நியாயமான கால அவகாசம் தராமல் தனதாக்கிக்கொண்டாலும் குற்றம்.

எது நியாயமான முயற்சி, எவ்வளவு நாள் என்று சட்டம் எண் போட்டுச் சொல்லவில்லை. பொருளையும் சூழ்நிலையையும் பொறுத்தது. சாலையில் கிடக்கும் ஒரு ரூபாயை எடுப்பதையும், விலை உயர்ந்த மோதிரத்தை எடுத்த கையோடு விற்பதையும் ஒரே தராசில் வைக்க மாட்டார்கள். துப்பறியச் சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரியும் துப்பைப் புறக்கணிக்காமல் இருந்தால் போதும்.

பர்ஸ், கைப்பை: முகவரி கிடைக்கிறதா என்று பார்க்கும் அளவுக்கு மட்டும் தேடுங்கள். கடிதங்களை உட்கார்ந்து படிக்க வேண்டாம். நம் ஊர்ப் பைகளில் ஆளைச் சீக்கிரம் காட்டிக்கொடுப்பவை மூன்று. முதலாவது அடகுச் சீட்டு, அதில் கடைப் பெயரும் சீட்டு எண்ணும் இருக்கும். கடைக்காரருக்குச் சொன்னால் அவர் தம் வாடிக்கையாளரை அழைத்துவிடுவார். இரண்டாவது ரேஷன் கார்டு, அந்தக் கடை ஊழியருக்குக் குடும்பமே தெரிந்திருக்கும். மூன்றாவது டாக்டர் எழுதிய சீட்டு அல்லது ரத்தப் பரிசோதனை அறிக்கை, ஆய்வகத்தில் கைப்பேசி எண் இருக்கும். இவர்களிடம் உரியவரின் எண்ணைக் கேட்காதீர்கள், தர மாட்டார்கள், தரவும் கூடாது. உங்கள் எண்ணைக் கொடுத்து, அவரைப் பேசச் சொல்லுங்கள்.

ஏடிஎம் கார்டு, கிரெடிட் கார்டு: பின்பக்கம் உள்ள வங்கி எண்ணுக்கு அழைத்துச் சொல்லுங்கள். கார்டை முடக்கச் சொல்ல உரியவரால்தான் முடியும் என்றாலும், தகவல் போய்ச் சேரும். கிளையில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

கைப்பேசி: அணைக்காதீர்கள். சார்ஜ் போட்டு வையுங்கள், உரியவர் கண்டிப்பாக அழைப்பார். பூட்டுத் திரையில் அவசரத் தொடர்பு எண் இருக்கிறதா என்று பாருங்கள். பூட்டை உடைக்கக் கடைக்கு எடுத்துப் போகவே கூடாது. உங்கள் சிம்மை அதில் போட்டுப் பார்ப்பது அதைவிட மோசம். தொலைத்தவர் மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தின் வழியாக ஐஎம்இஐ எண்ணை (ஒவ்வொரு கைப்பேசிக்கும் உள்ள தனி அடையாள எண்) முடக்கியிருந்தால், அதில் எந்த சிம் போட்டாலும் அந்தத் தகவல் காவல்துறைக்குப் போகும். உதவப் போன உங்கள் எண்தான் திருடனின் எண்ணாகப் பதிவாகும். இரண்டொரு நாளில் அழைப்பு வரவில்லையென்றால் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிடுங்கள்.

ஆதார், பான், ஓட்டுநர் உரிமம்: முகவரி இருந்தால், செலவு பாராமல் கூரியரிலோ விரைவு அஞ்சலிலோ அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் மட்டும் விதிவிலக்கு. 1967ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி அது இந்திய அரசின் சொத்து. காவல் நிலையத்திலோ பாஸ்போர்ட் அலுவலகத்திலோதான் கொடுக்க வேண்டும்.

மதிப்பெண் சான்றிதழ், சொத்துப் பத்திரம்: பணத்தைவிட இவற்றுக்கு முன்னுரிமை கொடுங்கள் என்பேன். பத்திரம் தொலைத்தவர் செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்து, காவல்துறையிடம் 'கண்டுபிடிக்க இயலவில்லை' என்ற சான்று வாங்கி, பதிவு அலுவலகத்துக்கு நடந்து ஓய்ந்துபோவார். நீங்கள் ஒரு வாரம் தாமதித்தால் அவர் அந்தச் செலவை எல்லாம் செய்து முடித்திருப்பார். பத்திரத்தில் உள்ள சார் பதிவாளர் அலுவலக முத்திரையைப் பார்த்தாலே எந்த ஊர் என்று தெரிந்துவிடும்.

வாட்ஸப் குழுக்களில் போடுவதானால், ஆதாரையோ கார்டையோ படம் எடுத்துப் போடாதீர்கள். எண் தெரிந்தால் மோசடிக்காரர்களுக்கு அது போதும். "இன்ன வட்டாரத்தில் ஒரு கைப்பை கிடைத்தது, அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளவும்" என்ற அளவுக்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். நிறம், தொகை, உள்ளே இருக்கும் பொருள் எதுவும் வெளியே போகக் கூடாது. அவைதான் பிறகு உண்மையானவரைப் பிரித்துக் காட்டும்.

5. காவல் நிலையத்தில் ஒப்படைப்பது

ரொக்கம் அதிகமாக இருந்தாலோ நகை இருந்தாலோ, அன்றைக்கே போவது நல்லது. இரவைத் தாண்டி வீட்டில் வைத்திருந்தால், ஏன் வைத்திருந்தீர்கள் என்ற கேள்வி வரும். தேர்தல் நடத்தை விதிகள் அமலில் இருக்கும் காலமென்றால் இன்னும் கவனம் வேண்டும். ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் ஆவணமில்லாமல் கொண்டுபோனால் பறக்கும் படை பிடித்துக்கொள்ளும். "கீழே கிடந்தது, ஸ்டேஷனுக்குத்தான் போறேன்" என்று நடுரோட்டில் நிரூபிப்பது சுலபமில்லை. அப்படியானால் கிடைத்த இடத்திலிருந்தே 112க்குப் பேசி, காவலரை வரச் சொல்லிவிடுங்கள்.

எந்த நிலையம்? உங்கள் வீட்டுப் பக்கத்து நிலையம் வேண்டாம். பொருள் கிடைத்த இடம் எந்த எல்லையோ அந்த நிலையம். தெரு இந்தப் பக்கம் ஒரு ஸ்டேஷன், அந்தப் பக்கம் இன்னொரு ஸ்டேஷன் என்று இருக்கும். முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். நான் போன இடத்தில் "இது எங்க லிமிட் இல்லை" என்று அனுப்பிவிட்டார்கள், அடுத்த நிலையத்திலும் அதே பதில்.

நேரம்: காலை பத்து, பதினொரு மணி வாக்கில் போனால் ஆய்வாளரோ உதவி ஆய்வாளரோ இருக்க வாய்ப்பு அதிகம். திருவிழா, அரசியல் கூட்டம், முக்கியப் பிரமுகர் வருகை என்றால் பாதிப் பேர் பந்தோபஸ்துக்குப் போயிருப்பார்கள். ஸ்டேஷன் ரைட்டரைப் பாருங்கள், காகித வேலை அவர் கையில்தான்.

கொண்டுபோக வேண்டியவை: பொருள், உங்கள் அடையாள அட்டையின் நகல், மனு இரண்டு பிரதி. மனுவுக்குக் கட்டணம் கிடையாது, முத்திரைத்தாளும் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். மனுவை வீட்டிலேயே எழுதிக்கொண்டு போங்கள். அங்கே உட்கார்ந்து எழுதினால் அவர்கள் சொல்லும் வாசகத்தில் எழுத வேண்டிவரும். இந்த அமைப்பில் எழுதலாம்:

அனுப்புநர்: பெயர், முகவரி, கைப்பேசி எண்.
பெறுநர்: காவல் ஆய்வாளர் அவர்கள், (நிலையத்தின் பெயர்).
பொருள்: கண்டெடுத்த கைப்பையை ஒப்படைத்தல் தொடர்பாக.
ஐயா, நான் (தேதி) அன்று (நேரம்) மணியளவில் (இடம்) அருகே கீழ்க்கண்ட பொருள்கள் அடங்கிய (நிறம்) கைப்பை கேட்பாரற்றுக் கிடக்கக் கண்டு, (சாட்சியின் பெயர்) முன்னிலையில் எடுத்தேன். உரியவரைக் கண்டறிய இன்னின்ன முயற்சி செய்தேன். தகவல் கிடைக்காததால் அப்பொருள்களைத் தங்களிடம் ஒப்படைக்கிறேன். உரியவரிடம் சேர்ப்பிக்கவும், எனக்கு ஒப்புகை வழங்கவும் கேட்டுக்கொள்கிறேன்.
பட்டியல்: 1, 2, 3 என்று வரிசையாக. ரொக்கம் தாள்வாரியாக.

இரண்டாவது பிரதியில் நிலைய முத்திரை, தேதி, பெற்றவரின் கையெழுத்து மூன்றும் வாங்காமல் பொருளைக் கைமாற்றாதீர்கள். முடிந்தால் சி.எஸ்.ஆர். ரசீது (மனுவை நிலையப் பதிவேட்டில் பதிந்ததற்கான சீட்டு) கேளுங்கள். "இதுக்கெல்லாம் எதுக்கு சி.எஸ்.ஆர்., குடுத்துட்டுப் போங்க, நாங்க பாத்துக்குறோம்" என்பார்கள். கோபப்படாமல், "பின்னாடி உரியவர் வந்து கேட்டா நான் காட்டணும் சார்" என்று சொல்லிக் காத்திருங்கள். பட்டியலை அவர்கள் முன்னிலையில் மீண்டும் ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள், முடிந்தால் பையை முத்திரையிடச் சொல்லுங்கள்.

வாங்கவே மறுத்தால்? மனுவின் நகலை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கோ மாநகரக் காவல் ஆணையருக்கோ விரைவு அஞ்சலில் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பொருள் உங்கள் கையில் இருந்தாலும், மறைக்கும் நோக்கம் இல்லை என்பதற்கு அது சான்று.

சாட்சியின் கையெழுத்தையும் மனுவில் வாங்கிவிட்டால் நல்லது. ஆனால் ஸ்டேஷன் என்றதும் பலர் பின்வாங்குவார்கள். வற்புறுத்தாதீர்கள், பெயரும் கடை விவரமும் போதும்.

6. "அது என்னுடையதுதான்" என்று வருபவர்

தவறான ஆளிடம் கொடுத்தால் உண்மையான உரியவருக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டும். அவரே சொல்லட்டும், நீங்கள் கேளுங்கள். எங்கே, எப்போது தொலைந்தது, உள்ளே என்ன, எத்தனை அறை, எந்த அறையில் என்ன. "நீல நிறப் பையா?" என்று நீங்களே எடுத்துக்கொடுக்காதீர்கள். கைப்பேசி என்றால் உங்கள் முன்னால் பூட்டைத் திறந்து காட்டட்டும், அல்லது பெட்டியில் உள்ள ஐஎம்இஐ எண்ணும் *#06# அடித்தால் வரும் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள்.

சந்திப்பு பொது இடத்தில், பகலில். பெண்கள் தனியாகப் போக வேண்டாம். வீட்டு முகவரி சொல்லி வரவழைக்கவும் வேண்டாம். பெற்றுக்கொண்டதாக ஒரு தாளில் பெயர், தேதி, பொருள் பட்டியல், கையெழுத்து, அடையாள அட்டை எண்ணின் கடைசி நான்கு இலக்கம். "அனைத்துப் பொருள்களும் சரியாக உள்ளன" என்ற வரி கட்டாயம். மகிழ்ச்சியில் இருப்பவரிடம் கையெழுத்துக் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும், கேட்டுவிடுங்கள்.

பொருள் ஏற்கெனவே காவல் நிலையத்தில் இருந்தால், உரியவர் நேராக அங்கே போகட்டும். நடுவில் நீங்கள் நிற்க வேண்டாம்.

7. செலவும் சன்மானமும்

பத்து சதவீதம் கண்டெடுத்தவருக்குத் தர வேண்டும் என்று ஒரு பேச்சு உலவுகிறது. இந்தியச் சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. ஜப்பானில்தான் ஐந்து முதல் இருபது சதவீதம் என்று சட்டத்திலேயே இருக்கிறது.

நம் ஒப்பந்தச் சட்டத்தின் 168ஆவது பிரிவு சொல்வது இது. பொருளைப் பாதுகாக்கவும் உரியவரைத் தேடவும் நீங்களாகச் செய்த செலவுக்காக வழக்குப் போட முடியாது. ஆனால் அந்தச் செலவைத் தரும்வரை பொருளை வைத்திருக்க உரிமை உண்டு. உரியவர் முன்பே "கண்டுபிடித்துத் தருபவருக்கு இவ்வளவு" என்று அறிவித்திருந்தால், அந்தத் தொகைக்கு வழக்குப் போடலாம், தரும்வரை பொருளையும் வைத்திருக்கலாம். கூரியர் ரசீது, ஆட்டோ செலவுக் குறிப்பு எல்லாம் இதற்காகத்தான்.

உரிமை இருக்கிறது என்பதற்காக இருநூறு ரூபாய் ஆட்டோ செலவுக்குப் பையைப் பிடித்து வைப்பது எனக்கு உவப்பில்லை. கேட்டுப் பாருங்கள், கொடுத்தால் வாங்குங்கள். ஆனால் அறிவிக்கப்படாத சன்மானத்தைப் பேரம் பேசாதீர்கள். "பத்தாயிரம் குடுத்தாத்தான் தருவேன்" என்ற ஒரு குரல் பதிவு போதும், உதவி மிரட்டலாகிவிடும்.

8. யாருமே வரவில்லையென்றால்

"ஆறு மாசம் யாரும் வரலேன்னா நமக்கே குடுத்துடுவாங்க" என்று நம்புபவர்கள் அதிகம். அந்த ஆறு மாதம் வேறு கணக்கு. காவல்துறை கைப்பற்றிய பொருளுக்கு உரியவர் தெரியாவிட்டால், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 503ஆவது பிரிவின்படி நீதித்துறை நடுவர் அறிவிப்பு வெளியிட்டு, ஆறு மாதத்துக்குள் வந்து உரிமை கோரச் சொல்லலாம். யாரும் வராவிட்டால் 504ஆவது பிரிவின்படி பொருள் மாநில அரசின் கைக்குப் போகும், விற்கவும் படலாம். கண்டெடுத்தவர் கைக்குத் திரும்பும் என்று அதில் இல்லை.

பொருள் உங்களிடமே இருந்தால், ஒப்பந்தச் சட்டம் 169ஆவது பிரிவு சில சந்தர்ப்பங்களில் விற்க அனுமதிக்கிறது. பொதுவாக விற்பனைக்கு வரும் பொருளாக இருக்க வேண்டும், தேடியும் உரியவர் கிடைக்காமல் இருக்க வேண்டும், அல்லது நியாயமான செலவைத் தர அவர் மறுத்திருக்க வேண்டும். அதோடு, பொருள் அழுகும் நிலையில் இருக்க வேண்டும் அல்லது மதிப்பின் பெரும்பகுதியை இழக்கும் நிலையில் இருக்க வேண்டும். உங்கள் செலவு பொருளின் மதிப்பில் மூன்றில் இரண்டு பங்கை எட்டியிருந்தாலும் விற்கலாம். பேருந்தில் விட்டுப்போன மீன் கூடை, பூ மூட்டைக்கு இது பொருந்தும். தங்கச் சங்கிலிக்குப் பொருந்தாது. விற்ற பணத்தில் செலவு போக மீதி உரியவருடையதுதான்.

கோயில் உண்டியலில் போட்டுவிடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. சில்லறைக்குச் சரி, யாரும் கேட்கப் போவதில்லை. பெரிய தொகையை உண்டியலில் போட்டால் உரியவருக்கு அது திரும்பக் கிடைக்கப் போவதில்லை, நீங்கள் போட்டீர்கள் என்பதற்கு ரசீதும் இல்லை. ஏழை ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன் என்பதும் அப்படியே. அது நம் பணமாக இருந்தால்தான் தர்மம்.

9. மண்ணைத் தோண்டும்போது கிடைத்தால்

இது வேறு சட்டம். 1878ஆம் ஆண்டு புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் மறைந்திருந்து கிடைக்கும் பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால், மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பொருளின் தன்மையும் மதிப்பும், கிடைத்த இடம், தேதி மூன்றும் அதில் இருக்க வேண்டும். தெரிவிக்காமல் மறைத்தால் ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ. நடைமுறையில் கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாட்சியரிடமும் சொன்னால் அவர்கள் வந்துவிடுவார்கள். கடைக்கால் தோண்டும்போது ஐம்பொன் சிலை வந்தால், ஊர் கூடிப் பால் ஊற்றுவதற்கு முன் படம் எடுத்துவிடுங்கள். கழுவித் தேய்க்க வேண்டாம்.

10. கணக்கில் தவறுதலாக வந்து விழும் பணம்

தெருவில் கிடப்பதைவிட இப்போது இதுதான் அதிகம். தவறுதலாகச் செலுத்தப்பட்ட பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 72ஆவது பிரிவு சொல்கிறது. செலவழித்துவிட்டால் சிக்கல். அதற்காக அவசரப்பட்டும் திருப்பி அனுப்பாதீர்கள்.

யாரோ அழைத்து, "அண்ணா, தெரியாம உங்க நம்பருக்கு ஐயாயிரம் போட்டுட்டேன், இந்த நம்பருக்கு ஜிபே பண்ணிடுங்க" என்பார். முதலில் குறுஞ்செய்தியை நம்பாமல் கணக்கிருப்பைப் பாருங்கள், பணமே வந்திருக்காது. வந்திருந்தாலும், அது வேறொருவரிடம் ஏமாற்றிப் பறித்த பணமாக இருக்கலாம். பணத்தை இழந்த அவர் இணைய மோசடிப் புகார் எண்ணான 1930இல் புகார் கொடுத்தால் உங்கள் கணக்கு முடங்கும். நீங்கள் இன்னொரு எண்ணுக்கு அனுப்பிய பணமும் போயிருக்கும்.

உங்கள் வங்கிக் கிளைக்கு, பரிவர்த்தனை எண், தேதி, தொகை குறிப்பிட்டு, "இது என் பணமில்லை, வந்த கணக்குக்கே திருப்பி அனுப்பவும்" என்று மனு கொடுங்கள், மின்னஞ்சலும் அனுப்புங்கள். அழைத்தவரிடம், அவருடைய வங்கியில் புகார் பதியச் சொல்லுங்கள். உண்மையானவர் என்றால் ஒப்புக்கொள்வார், மற்றவர் திட்டிவிட்டு வைத்துவிடுவார். வங்கி எழுத்தில் பதில் தரும்வரை அந்தத் தொகையைக் கணக்கில் அப்படியே விட்டு வையுங்கள். மாதத் தவணை ஏதாவது தானாகப் பிடித்தமாகும் கணக்கு என்றால், இருப்பு அதற்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.